கடற்கரைத் தெரிவுக் குழுவின் சாதனைகள்

கடலில் குளிப்பது பெரிய காரியமல்ல. யார் வேண்டுமானாலும் செய்யலாம். மீன்கள் எந்தப் பயிற்சியும் இல்லாமல் செய்கின்றன. ஆனால் எந்தக் கடற்கரைக்குப் போவது, எந்த வகைப் பயணிக்கு எந்தக் கரை பொருந்தும் என்று ஆராய்ந்து தெரிவு செய்வது இருக்கிறதே, அது நாகரிகம் முற்றிய மனிதர்களால் மட்டுமே ஆகக்கூடியது. தனி மனிதரால் அதுவும் ஆகாது. குழு வேண்டும். அப்படியொரு குழுவுக்குச் சித்திரைப் புத்தாண்டிலிருந்து தீபாவளி தாண்டும்வரை செயலாளராக இருக்கும் பாக்கியம் பெற்றவன் நான். பெயர் சாந்தன்.

வெள்ளவத்தையில், காலி வீதி என்கிற பெருஞ்சாலையிலிருந்து கடல் பக்கமாகப் பிரியும் ஓர் ஒழுங்கையில் நிற்கிறது எங்கள் 'சமுத்திர தர்ஷனா' தொடர்மாடி. ஒழுங்கை முடிகிற இடத்தில் மெரின் டிரைவ் சாலை. அதைக் கடந்தால் றெயில் பாதை. அதையும் கடந்தால் கொஞ்சம் பாறை, கொஞ்சம் மணல், பிறகு இந்தியப் பெருங்கடல். வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தால், பூட்டினோமா என்ற சந்தேகம் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆனாலும் நாங்கள் யாரும் அங்கே போவதில்லை. கடலில் எங்களுக்கு மரியாதை இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஜன்னல் கிறில் துருப்பிடித்தால் அதைத்தான் திட்டுகிறோம். வீட்டை விற்கும்போது விளம்பரத்தில் அதைத்தான் முதலில் போடுகிறோம்.

புத்தாண்டு முடிந்த கையோடு நடந்த மாடிவாசிகள் கூட்டத்தில் மூன்றாம் மாடி டோரின் அன்ரி எழுந்து நின்றார். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, கலியாணத்துக்குப் பிறகு இங்கே வந்தவர். படிப்பித்து ஓய்வு பெற்றவர். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, அவர் வீட்டு கேக் போகாத வீடு எங்கள் கட்டடத்தில் இல்லை. என் மனைவி றஷ்மி ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில், எங்கள் மகளுக்குத் தினமும் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவரும் அவர்தான். இதை நன்றியோடு பதிவு செய்வது செயலாளரின் கடமை.

அன்ரியின் மகள் ரொஷேல் மெல்பேர்னில் இருக்கிறாள். அன்ரிக்கும் அவர் கணவர் றேமண்ட் அங்கிளுக்கும் அங்கேயே தங்கிவிட விசா கிடைத்துவிட்டது. தீபாவளி கழிந்ததும் பயணம். போனால் போனதுதான்.

"எனக்கு பார்ட்டி ஒண்டும் வைக்க வேணாம்," என்றார் அன்ரி. "கேக்கும் வேணாம். கேக் எண்டா அதையும் நான்தான் பேக் பண்ண வேண்டி வரும். நாங்க எல்லாரும் சேந்து ஒரு நாளைக்குக் கடலுக்குப் போவம். முழங்காலளவு தண்ணில நிப்பம். அவ்வளவுதான். சின்ன வயசுல இருந்து கடல் சத்தத்தக் கேட்டுத்தான் தூங்குறன். ஒரு நாளாவது அதுக்குள்ள நிண்டதில்ல."

கூட்டம் நெகிழ்ந்துபோனது. நெகிழ்ந்துபோன கூட்டம் வேறென்ன செய்யும்? குழு அமைத்தது.

'டோரின் அன்ரி பிரியாவிடைக் கடற்கரைத் தெரிவுக் குழு' என்பது முழுப்பெயர். தலைவர் அலவி ஹாஜியார். மொட்டைமாடியில் போடும் பிளாஸ்ரிக் கதிரைகள் அவருடையவை என்பதால் போட்டியே இருக்கவில்லை. நிரோஷன் தம்பி 'பயண ஆலோசகர்'. தேனிலவுக்கு மாலைதீவு போய்வந்து முகநூலில் எழுதியவன் என்பது தகைமை. றேமண்ட் அங்கிள் 'கடல்சார் நிபுணர்'. துறைமுகத்தில் ஆயுள் முழுக்கக் கப்பல் கடதாசிகளைப் பார்த்தவர். கப்பல் கிடந்த தண்ணீரை ஏறெடுத்தும் பாராதவர். நான் செயலாளர். இன்சூரன்ஸ் கம்பனியில் வேலை செய்வதால், ஒரு காரியம் ஏன் நடக்க முடியாது என்று கண்ணியமாக எழுத எனக்குத் தெரியும்.

டோரின் அன்ரியையும் குழுவில் சேர்க்கலாமே என்று றஷ்மி கேட்டாள். றேமண்ட் அங்கிள்தான் ஆட்சேபித்தார்.

"ஹஸ்பன்ட் எண்டு பாக்காம சொல்றன். அவ வந்தா முடிவு ஒரு பக்கமாப் போயிரும்."

"எந்தப் பக்கம் அங்கிள்?"

"கடல் பக்கம்."

இப்படிப்பட்ட நடுநிலையை இந்தக் காலத்தில் எங்கே பார்க்கிறோம்? சொந்த மனைவி என்றும் பாராமல் ஒதுக்கினார். மற்றப் பெண்கள் தாமாகவே ஒதுங்கியிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு, அவர்களைச் 'சிற்றுண்டி உபகுழு' ஆக்கினோம்.

முதற் கூட்டம் மொட்டைமாடியில் நடந்தது. மாலை வெயில் கண்ணில் குத்தியது. உப்புக் காற்று கடதாசிகளைக் கிளப்பியது. அதனால் கதிரைகளைக் காலி வீதிப் பக்கம் திருப்பிப் போட்டோம். கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்த பிறகு கடலைப் பற்றி நிம்மதியாகக் கதைக்க முடிந்தது.

நிரோஷன் மடிக்கணினியைத் திறந்தான். "முதல்ல நாங்க ட்ரவலர் டைப்ஸ் பிரிக்கோணும். இப்ப உலகம் முழுக்க இப்பிடித்தான் செய்யினம். எல்லாருக்கும் ஒரே பீச் எண்ட காலம் போயிட்டுது அங்கிள். நீங்க ஆர் எண்டு தெரியாமல் நீங்க எங்க போறதெண்டு சொல்லேலாது."

"நான் அலவி," என்றார் தலைவர்.

"அது உங்கட பேர் ஹாஜியார். நான் கேக்கிறது டைப்."

அடுத்த வாரம் எல்லோருடைய போனுக்கும் ஒரு கேள்விக்கொத்து வந்தது. உங்களுக்குக் கடல் என்றதும் நினைவுக்கு வரும் நிறம் எது? அலை உங்களை நோக்கி வருகையில் உங்கள் மனநிலை என்ன? இப்படி ஆழமான கேள்விகள். பதில் போட்டால் ஆளுக்கொரு வகை வரும்: 'சாகசப் பயணி', 'ஓய்வுப் பயணி', 'ஆன்மிகப் பயணி', 'உணவுப் பயணி'. எங்கள் கட்டடத்தின் நிலவரத்தை அறிந்த நான், தொலைநோக்கோடு இன்னொரு வகையையும் சேர்க்கச் சொல்லியிருந்தேன்: 'பை காப்பவர்'.

வாசகர்களுக்கு விளங்கும். எந்தக் கடற்கரைச் சுற்றுலாவிலும் ஒருவர், "நீங்க போங்க, நான் பேக்கைப் பாத்துக்கொள்ளுறன்," என்று கரையில் குந்திவிடுவார். அவர் நனைய மாட்டார். ஆனால் அவர் இல்லாமல் யாரும் நனைய முடியாது.

முடிவுகள் வந்தபோது குழுவே திகைத்தது. கட்டடத்தில் மிகப் பெரும்பான்மையோர் 'பை காப்பவர்'. குழு உறுப்பினர் நால்வரில் நால்வரும் அதே வகை.

"அப்ப கடல்ல எறங்குற யாரு?" என்று கேட்டார் ஹாஜியார்.

"அது இரண்டாவது கட்டம்," என்றான் நிரோஷன். "மெஜோரிட்டிக்கு ஏத்த பீச்சைத்தான் முதல்ல பாக்கோணும். பேக்கை வைக்க நிழல் இருக்கோ, கதிரை இருக்கோ, டொய்லட் கிட்டவோ, அதுதான் கேள்வி."

அன்ரியின் விடயத்தில் மட்டும் ஒரு சிக்கல். 'கடலில் நீங்கள் மிகவும் விரும்பும் செயல்பாடு' என்ற கேள்விக்கு அவர், 'நிற்பது' என்று எழுதியிருந்தார்.

"அன்ரி, அப்பிடி ஒரு ஒப்ஷன் இல்லை," என்று நிரோஷன் அவர் வீட்டு வாசலிலேயே விளக்கினான்.

"அப்ப என்ன இருக்கு மகன்?"

"ஸ்நோர்க்லிங், சேர்ஃபிங், பனானா போட், வேல் வொச்சிங்."

"சும்மா நிக்க ஏலாதா?"

ஏலாது. இயந்திரம் அவரைச் 'சாகசப் பயணி' என்று வகுத்து, அறுகம்பேக்குப் போய் அலைச்சறுக்கலில் ஈடுபடும்படி சிபாரிசு செய்தது. இதைக் கேட்ட றேமண்ட் அங்கிள், இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் தனக்கு இது தெரியாமல் போய்விட்டதே என்று வருந்தினார். விஞ்ஞானத்தின் வலிமை அது.

அன்ரி அந்த வாரமே புறக்கோட்டைக்குப் போய் ஓர் ஓலைத் தொப்பி வாங்கி வந்தார். அகன்ற விளிம்பு, நீல ரிப்பன். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. நான் படியேறும்போதெல்லாம் திறந்த கதவின் வழியே அதைப் பார்ப்பேன். "என்ன தம்பி, முடிவாச்சா?" என்பார் அன்ரி. "பரிசீலனையில் உள்ளது அன்ரி," என்பேன். அவர் முகம் மலரும். பரிசீலனை என்றால் நல்லது நடக்கும் என்று இன்னும் நம்புகிற தலைமுறை.

இடத் தெரிவில் கருத்து வேறுபாடு எழுந்தது உண்மை. ஜனநாயகத்தில் அது சகஜம்.

"பேருவளை," என்றார் ஹாஜியார். "தொழுறதுக்குப் பள்ளி இரிக்கி, சாப்பாடு இரிக்கி, எங்கட மச்சான்ட வீடும் இரிக்கி. டொய்லட்டுக்கு யோசிக்கத் தேவில்ல."

"நீர்கொழும்பு," என்றார் றேமண்ட் அங்கிள். "மாதா கோயில் இருக்கு, மீன் இருக்கு." ஹாஜியாரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, "மத்ததும் இருக்கு," என்றார்.

நான் பாரபட்சமில்லாமல் நிலாவெளியைச் சொன்னேன். பக்கத்தில் திருக்கோணேஸ்வரம் இருக்கிறது. என் தங்கையின் மாமியார் வீடும் இருக்கிறது. நிரோஷன் அறுகம்பே என்றான். அங்கே வைஃபை இருக்கிறதாம். நான்கு கடற்கரைகளிலும் கடலும் இருக்கிறது என்பதைக் கூட்ட அறிக்கை எழுதும்போதுதான் நான் கவனித்தேன். அதை யாரும் குறிப்பிடாததால் எழுதவில்லை.

பிறகு நாள் குறிக்கும் பிரச்சினை. மூன்று மதத்தவர் ஒரே கூரையின் கீழ் அன்பாக வாழ்வதில் எங்களுக்குப் பெருமை. அதன் பலனாக, யாருக்காவது விசேஷமில்லாத சனிக்கிழமை எங்களிடம் இல்லை. மே மாதம் நீர்கொழும்பு என்று ஒருமனதாக முடிவெடுத்தோம். உடனே தென்மேல் பருவக்காற்று ஆரம்பித்து மேற்குக் கரையெல்லாம் கொந்தளித்தது. சரி, கிழக்குக் கரை அமைதியாக இருக்கும், நிலாவெளி என்று திருத்தம் கொண்டுவந்தேன். ஜூனில் ஹஜ் பெருநாள், கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். ஜூலையில் வேல் விழா. ஆகஸ்டில் பாதிப் பேர் நல்லூர்த் திருவிழாவுக்கு, மீதிப் பேர் மடுத் திருவிழாவுக்கு. செப்டெம்பரில் பிள்ளைகளின் டியூஷன் ஆசிரியர்மார் விடவில்லை. ஒக்டோபரில் நாள் கிடைத்தபோது கிழக்கில் மழை தொடங்கிவிட்டது. கடலுக்கு வருடத்தில் இரண்டு பருவம். எங்கள் குழு எப்போதும் மற்றப் பருவத்தில் இருந்தது.

குழு சும்மா இருந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நடுவில் நாங்கள் கள ஆய்வும் செய்தோம். ஜூனில் ஒரு ஞாயிறு, நால்வரும் வாடகைக்கு ஒரு வான் பிடித்துப் பேருவளைக்குப் போனோம். வழியில் சாப்பிட டோரின் அன்ரி மீன் கட்லட்டும் முட்டை சாண்ட்விச்சும் செய்து, கீழே வந்து வானுக்குள் வைத்தார். "நல்ல எடமாப் பாத்துட்டு வாங்க," என்று கையசைத்தார். வானில் இன்னும் ஓர் ஆசனம் காலியாக இருந்தது. அவர் பயனாளி, அவரை ஏற்றினால் ஆய்வின் நம்பகத்தன்மை கெட்டுவிடும். அதனால் அதில் கட்லட் பெட்டியை வைத்தோம்.

பேருவளையில் கழிவறைகளை ஆராய்ந்தோம். வாகனத் தரிப்பிடத்தை அளந்தோம். பை வைக்கத் தோதான தென்னை நிழல் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் விழும் என்று நிரோஷன் படமெடுத்தான். ஹோட்டல் காவலாளி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மஹத்தயலா முஹூதட்ட பஹின்னே நெத்த?" என்று சிங்களத்தில் கேட்டான். கடலில் இறங்கவில்லையா என்கிறான்.

"நே, நே," என்று றேமண்ட் அங்கிள் கையசைத்தார். "அபி கமிட்டி."

நாங்கள் குழு என்றதும் அவன் மரியாதையோடு விலகிக்கொண்டான்.

இருட்டும் நேரம் திரும்பியபோது அன்ரி வாசலிலேயே நின்றார்.

"தண்ணி எப்படி இருந்துச்சு?"

"தண்ணிய நாங்க பாக்கல்ல," என்றார் றேமண்ட் அங்கிள். "டொய்லட்தான் பாத்த. பரவால்ல, க்ளீன்."

அன்ரி வெறும் கட்லட் பெட்டியை வாங்கிக்கொண்டு மேலே போனார்.

இந்த அரும்பணிக்கு ஒரேயொரு இடையூறு என் வீட்டிலிருந்தே வந்தது என்பதை வெட்கத்துடன் பதிவு செய்கிறேன். செப்டெம்பர் கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுவந்த றஷ்மி, தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"நான் ஒண்டு கேக்கட்டோ? இந்த ஒழுங்கை முடிவில இருக்கிறதுக்கு என்ன?"

"எது?" என்றார் ஹாஜியார்.

"கடல்."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் திரும்பி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அது கடல் இல்லை றஷ்மி," என்றேன் பொறுமையாக. "அது வெள்ளவத்தை."

"நடந்து போற தூரத்தில இருக்கிறதை டெஸ்டினேஷன் எண்டு சொல்லேலாது அக்கா," என்று நிரோஷன் எடுத்துச் சொன்னான். "அதுக்கு ஒன்லைன்ல நல்ல ரிவியூ ஒண்டுகூட இல்லை."

"கடலுக்குப் போற எண்டா வான்ல போகோணும் புள்ளே," என்றார் ஹாஜியார். "வழில நிப்பாட்டி டீ குடிக்கோணும். ரெண்டு பேர் சத்தி எடுக்கோணும். அப்பதான் போன மாதிரி இரிக்கும்."

"அங்க எல்லாம் குடைக்குக் கீழ சோடி சோடியா இருக்கிறானுகள்," என்றார் றேமண்ட் அங்கிள். "மெல்பேர்ன்ல இருந்து ரொஷேல் கேட்டா, அம்மாவ எங்க கூட்டிட்டுப் போனீங்க எண்டு, நான் என்ன சொல்ற? றோட்டக் கடந்து கூட்டிட்டுப் போன எண்டா?"

பிரேரணை ஒழுங்கற்றது எனத் தலைவர் தீர்ப்பளித்தார். றஷ்மி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றிரவு இடியப்பத்துக்குச் சொதி இருக்கவில்லை. பொதுவாழ்வில் இருப்பவர்கள் இதையெல்லாம் தாங்கித்தான் ஆக வேண்டும்.

தீபாவளியும் வந்து போனது. அன்ரியின் வீட்டுச் சுவர்களிலிருந்து படங்கள் இறங்கின. பெரிய சூட்கேஸ்கள் கூடத்தில் வரிசையாக நின்றன. தொப்பி ஆணியிலிருந்து இறங்கி ஒரு சூட்கேஸின் மேல் உட்கார்ந்திருந்தது. பயணம் ஞாயிற்றுக்கிழமை. அதனால் சனி மாலையே இறுதிக் கூட்டத்தை வைத்தோம். ஞாயிறு விடிய ஒரு நடை போய்வந்துவிட்டு விமானத்தைப் பிடிக்கலாம் என்பது குழுவின் துணிச்சலான திட்டம். இறங்கி ஐந்து நிமிடம் நின்றாலும் நின்றதுதானே?

பேருவளைக்கு அடுத்த பெந்தோட்டையா, நீர்கொழும்பா என்று வாக்கெடுத்தோம். இரண்டுக்கு இரண்டு. தலைவரின் தீர்மான வாக்கு பாக்கி.

"டீ வரட்டும்," என்றார் ஹாஜியார். "குடிச்சிட்டுப் போடுறன்."

டீ வரவில்லை. எங்கள் குழுவின் வரலாற்றில் டீ வராமல் போனது அதுதான் முதல் தடவை. கீழே குரல் கொடுக்கலாம் என்று எழுந்து, கடல் பக்கத்துக் கட்டைச் சுவரருகே போனேன். அந்தப் பக்கம் போனால்தான் குசினி ஜன்னல்களுக்குச் சத்தம் கேட்கும்.

அப்போதுதான் பார்த்தேன்.

ஒழுங்கை முடிவில், றெயில் பாதைக்கு அப்பால், பாறைகளுக்கு நடுவே இருக்கிற அந்தத் துண்டு மணலில் எங்கள் கட்டடத்துப் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். பிள்ளைகளும் நின்றார்கள். பருவம் ஓய்ந்து கடல் தணிந்திருந்தது. நடுவில் டோரின் அன்ரி. ஓலைத் தொப்பி. ஒரு கையால் கவுனைச் சுருட்டிப் பிடித்திருந்தார். மறு கையை ஹாஜியாரின் மனைவி பஸ்லா பிடித்திருந்தார். பஸ்லாவின் மறு கையை றஷ்மி. தண்ணீர் முழங்காலளவு. ஒவ்வொரு அலைக்கும் அவர்கள் கத்துவது மொட்டைமாடிவரை கேட்டது. இவ்வளவு நேரமும் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் பெந்தோட்டையைப் பற்றி உரத்துக் கதைத்ததில் காதில் விழவில்லை.

மற்ற மூவரும் வந்து சுவரருகே நின்றார்கள். பாறை மேல் செருப்புகளும் பைகளும் ஒரு குவியலாகக் கிடந்தன. பக்கத்தில் ஒரு நாயைத் தவிர யாரும் இல்லை.

"அங்க பேக்க யாரு பாக்குற?" என்று அலறினார் றேமண்ட் அங்கிள்.

"பஸ்லாவா அது?" என்றார் ஹாஜியார். "அவவுக்கு ப்ரஷர் இரிக்கே!" கொஞ்ச நேரம் பார்த்தார். "சிரிக்கிறாவே," என்றார், மெல்லிய குரலில்.

நிரோஷன் போனை எடுத்து வீடியோ பிடித்தான். "லைட் நல்லா இருக்கு," என்றான்.

அன்ரி நிமிர்ந்து பார்த்தார். எங்களைக் கண்டுகொண்டார். கவுனைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, அதை உயர்த்தி, வாங்க வாங்க என்று அசைத்தார். கவுன் நனைந்ததை அவர் கவனிக்கவில்லை. நால்வரையும் கூப்பிட்டார். அதில் சந்தேகமே இல்லை.

போக வேண்டும் என்று எனக்கிருந்தது, மறைப்பானேன். ஆனால் நான் செயலாளர்.

"தலைவரின் வாக்கு இன்னும் பாக்கி," என்றேன்.

"கூட்டத்த முடிக்காம எழும்பிப் போகலாமா?" என்று ஹாஜியார் கேட்டார்.

"ஒத்திவைக்கலாம். அதுக்கு ஒருத்தர் பிரேரிக்க வேணும், ஒருத்தர் ஆமோதிக்க வேணும்."

றேமண்ட் அங்கிள் ஒருமுறை படிக்கட்டுப் பக்கம் போனார். திரும்பி வந்தார். "நான் பிரேரிச்சா ஹஸ்பன்ட் எண்டு ஒரு கத வரும்," என்றார். நிரோஷன் பிரேரித்தான். நான் ஆமோதிக்கலாமா, செயலாளருக்கு அந்த உரிமை உண்டா என்று கொஞ்ச நேரம் கதைத்தோம். ஹாஜியார் திருத்தம் ஒன்று கொண்டுவந்தார்: ஒத்திவைப்பதோடு நில்லாமல், 'குழுவினர் அனைவரும் உடனடியாகக் கீழே சென்று முழங்காலளவு தண்ணீரில் நிற்பது' என்றும் தீர்மானத்தில் சேர்க்க வேண்டும். நல்ல திருத்தம். எல்லோருக்கும் பிடித்திருந்தது. 'உடனடியாக' என்ற சொல்லைப் பற்றி றேமண்ட் அங்கிளுக்குத்தான் சிறு தயக்கம். சப்பாத்துக் கயிறு அவிழ்க்க நேரம் வேண்டும் என்றார். அதையும் சேர்த்துக்கொண்டோம்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எங்கள் குழு ஏகமனதாக நிறைவேற்றி, நிறைவேற்றியபடியே செய்யவும் புறப்பட்ட ஒரே தீர்மானம் அதுதான். கரவொலி எழுப்பிவிட்டுப் படியிறங்கினோம்.

மூன்றாம் மாடியில் அவர்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். வெளியே இருட்டிவிட்டிருந்தது. படியெல்லாம் ஈர மணல்.

"வந்துட்டீங்களா?" என்றார் டோரின் அன்ரி. மூச்சு வாங்கியது, முகம் முழுக்கச் சிரிப்பு. நாங்கள் படியில் வரிசையாக நின்றோம். அவர் சிரிப்பு மெல்லக் குறைந்தது. "பரவால்ல," என்றார். தொப்பியைக் கழற்றிக் கணவரிடம் நீட்டினார். "இதக் கொஞ்சம் பிடிங்க."

றேமண்ட் அங்கிள் பிடித்துக்கொண்டார். அவிழ்த்த கயிற்றோடு சப்பாத்தில் நின்றுகொண்டு, மனைவியின் ஈரக் கால்களையே பார்த்தார்.

மறுநாள் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக வான் வந்தது. பெண்கள் அன்ரியைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். என் மகள் விடவேயில்லை. நாங்கள் நால்வரும் சூட்கேஸ்களை எண்ணி ஏற்றினோம். அந்த வேலை எங்களுக்கு நன்றாக வந்தது. வான் திரும்புகையில் றேமண்ட் அங்கிளைப் பார்த்தேன். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் அன்ரி வீடியோவில் வந்தார். றஷ்மியும் பஸ்லாவும் போனை மாறி மாறிப் பிடித்துக்கொண்டு கதைத்தார்கள். இப்போது அவர்கள் சனிக்கிழமை தவறாமல் இறங்குகிறார்கள். பிறகு போன் என் கைக்கு வந்தது.

"சாந்தன் தம்பி, நீங்க எறங்கினீங்களா?"

"விடயம் பரிசீலனையில் உள்ளது அன்ரி. நீங்க லீவுக்கு வரேக்க எல்லாரும் சேர்ந்து போகத்தான் ஓர் இடம் பாக்கிறம். பாசிக்குடா நல்லமெண்டு நிரோஷன் சொல்றான்."

அவருக்குப் பின்னால் றேமண்ட் அங்கிள் சுவெட்டரோடு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, கடல் எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியாமலா உங்ககிட்டக் கேட்ட?" என்றார் அன்ரி. கோபமில்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஜன்னலத் தெறந்தா தெரியுமே. நான் கேட்டது கடல இல்ல தம்பி. உங்க எல்லாரையும்தான்."

ஆகவே, குழுவின் இறுதி அறிக்கையை இத்தால் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன். எங்கள் பதவிக்காலத்தில் எவரும் மூழ்கவில்லை. எவருக்கும் தடிமன் பிடிக்கவில்லை. எல்லா வகைப் பயணிகளுக்கும் பொருத்தமான கடற்கரை எது என்ற கேள்வி தொடர்ந்தும் ஆராயப்படுகிறது. கடலுக்குப் போகக் கேட்டவர் ஒரேயொருவர். அவர் தண்ணீரில் நின்று கைகாட்டிக் கூப்பிட்டபோது, நாங்கள் நால்வரும் மொட்டைமாடியில் கால் நனையாமல் வாக்கெடுத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு பைகூடத் தொலையவில்லை.